மகால் வாசலோடு முடிந்துவிடவில்லை: மதுரைக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருமலை நாயக்கர் மகாலையும் அதைச் சுற்றியுள்ள சின்னங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, சுற்றுலாத் துறை, மதுரை மாநகராட்சி அலுவலர்கள்

ஐயா, அம்மையீர், வணக்கம்.

மகாலுக்கு வரும் வெளியூர்க்காரர் டிக்கெட் வாங்குகிறார், முற்றத்தைக் கடக்கிறார், சொர்க்கவிலாசத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கிறார், தூண்களுக்கு நடுவே நின்று நாலு படம் எடுக்கிறார். அரை மணி நேரத்தில் வெளியே வந்து ஆட்டோ பிடிக்கிறார். அரண்மனையைப் பார்த்தாயிற்று என்று நம்பித்தான் போகிறார். அவர் பார்த்தது ஏறக்குறைய கால்வாசி. மீதியின் தடம் அந்த ஆட்டோ போகும் தெருக்களில், ஜவுளிக் கடைகளுக்கு இடையே, வீட்டு முகவரிகளில் கிடக்கிறது. அதை அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. கீழே எழுதியிருக்கும் மற்ற எல்லாமே அந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

திருமலை நாயக்கர் 1623இல் பட்டத்துக்கு வந்தார். திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மதுரைக்குக் கொண்டுவந்தார். 1636இல் எழுந்ததாகச் சொல்லப்படும் இந்த அரண்மனைக்குச் சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என்று இரண்டு பெரும் பிரிவுகள் இருந்தன. முன்னது அரசருடையது, பின்னது அவருடைய தம்பி முத்தியாலுவினுடையது. அந்தப்புரம், ஆயுதசாலை, நாடகசாலை, பல்லக்குகள் நிறுத்தும் இடம், வாத்தியக்காரர்களின் மண்டபம், குளம், தோட்டம் எல்லாம் சேர்ந்த ஒரு சிற்றூராகவே அது இருந்தது. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கிருந்த பெரும்பகுதியைப் பிரித்து அங்கே கொண்டுபோக முயன்றார். அன்று போனது போக எஞ்சியதைத்தான், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். பிறகு 1970 வரை இங்கே நீதிமன்றம் நடந்தது. வழக்குக் கட்டுகளும் வக்கீல்களும் நிறைந்திருந்த அந்தக் காலத்தைச் சிலர் மகாலுக்கு நேர்ந்த குறையாகப் பேசுவார்கள். எங்கள் கருத்து வேறு. புழக்கத்தில் இருந்ததால்தான் கூரைக்கு ஆண்டுதோறும் ஆள் ஏறினான். ஏறியதால்தான் கூரை நின்றது.

இந்த வரலாற்றை எழுத்தில் படித்தால் தலையில் நிற்காது. தளவரைபடமாகப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். எனவே முதல் கோரிக்கை இது. டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே, வரிசையில் நிற்பவர் கண்ணில் படும்படி, தரையோடு சாய்வாக ஒரு கல்பலகை வையுங்கள். அதில் இன்று நிற்கும் பகுதி அழுத்தமான நிறத்தில் இருக்கட்டும். இழந்த பகுதி புள்ளிக்கோட்டில் இருக்கட்டும். அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் இன்றைய தெருக்களின் பெயர்கள் இருக்கட்டும். எல்லை உறுதியாகத் தெரியாத இடங்களில் கோட்டை முடிக்காமல் மங்கலாக விட்டுவிடலாம். கற்பனையாக ஒரு மதிலை வரைவதைவிட அது நேர்மையானது. நிமிர்த்தி வைத்த பலகையை ஒருவர் மறைத்தால் இன்னொருவருக்குத் தெரியாது, சாய்வுப் பலகையைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கலாம். பார்வையற்றவர் விரலால் தடவிப் படிக்கும்படி கோடுகளை மேடாகச் செதுக்கினால் அதே பலகை அவர்களுக்கும் ஆகும்.

தெருப் பெயர்களை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மகாலுக்கு வடக்கே நவபத்கானா தெரு. அரண்மனையின் முரசும் நாகசுரமும் முழங்கிய நௌபத் கானாதான் அந்தப் பெயரில் இன்னும் இருக்கிறது. பந்தடித் தெருக்கள் இருக்கின்றன. அரண்மனைப் பெண்கள் பந்தாடிய வெளி அது என்பது ஊர் வழக்கு. மகால் வடம்போக்கித் தெரு இருக்கிறது. பத்துத்தூண் சந்து இருக்கிறது. கட்டடம் போன பிறகும் பெயர் போகவில்லை. மாநகராட்சி இந்தத் தெருக்களின் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: பெயர் எதிலிருந்து வந்தது என்று. சுவரொட்டி ஒட்ட முடியாத உயரத்தில், அதாவது எட்டடிக்கு மேலே, எனாமல் தகட்டில் எழுத வேண்டும். பிளாஸ்டிக் ஒட்டுப்படம் இரண்டு வெயிலுக்குத் தாங்காது.

பத்துத்தூண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளக்குத்தூணிலிருந்து சில நிமிட நடையில், துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் சந்துக்குள், மூன்று மாடிக் கட்டடத்துக்கு ஈடான உயரத்தில் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே கூரை இல்லை, சுமக்க எதுவும் இல்லை. ரங்கவிலாசத்தின் எச்சம் என்று கருதப்படுபவை இவை. யானை கட்டிய தூண்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். மகாலுக்குள் நிற்கும் 248 தூண்களைப் பார்த்தவர் அவசியம் இங்கே வர வேண்டும். உள்ளே தூணின் மேல் சுதைப்பூச்சு மூடியிருக்கிறது. இங்கே கல் அப்படியே வெளியே தெரிகிறது. அளவு என்பது என்ன என்று சந்தில் நிற்கும்போதுதான் உறைக்கிறது. முற்றத்தில் வானம் பெரியதாக இருப்பதால் தூண் சிறுத்துவிடுகிறது, சந்தில் அப்படி இல்லை.

ஆனால் இங்கே வந்து சேர்வதுதான் பாடு. கைப்பேசி வரைபடம் காரையே சந்துக்குள் அனுப்பிவிடுகிறது. எதிரே துணி மூட்டை ஏற்றிய வண்டி வந்தால் இரண்டும் நகராது. முற்பகலில் சரக்கு இறங்கும் நேரம் தொடங்கிவிட்டால் நடப்பவருக்கும் வழியில்லை. கடைகள் திறக்காத காலை ஒன்பதுக்கு முன்னால் வந்தால் பத்துத் தூண்களையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பத்தரைக்கு மேல் கீழ்ப்பாதியைப் பார்ப்பது அதிர்ஷ்டம். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் ஆகிய காலங்களில் குழுவாக இங்கே வரவே கூடாது.

கடைக்காரர்களை அப்புறப்படுத்தச் சொல்லி இந்த மடலில் கேட்கப்போவதில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்பவர்கள் அவர்கள். வழி கேட்டு வருபவரைக் கூட்டிப்போய்த் தூணருகே விடுபவர்களும் அவர்கள்தான். கேட்பது இவ்வளவே. தூணில் ஆணி, கொக்கி, கயிறு, மின்கம்பி எதுவும் கட்டாமல் இருக்க, கடை வரிசைக்கு நெடுக ஒரு இரும்புச் சட்டத்தைத் தனியாக நட்டுக் கொடுங்கள். தொங்கவிட மாற்று இடம் தந்துவிட்டுத் தடை போட்டால் தடை நிற்கும். சரக்கு இறக்க நேரம் குறியுங்கள். தூண்களின் அடியில் மழைநீர் தேங்காமல் சரிவு கொடுங்கள்; ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் தூணின் பீடம் மண்ணுக்குள் போய்விடும். மகாலில் வாங்கிய டிக்கெட்டின் பின்பக்கத்தில் பத்துத்தூணுக்கான வழியை அச்சிடுங்கள். எப்படியும் அச்சடிக்கும் தாள்தானே.

விளக்குத்தூணையும் அந்த வழியில் சேர்க்க வேண்டும். கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்கும் மூலையில் நிற்கும் அதன் கீழேதான் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பஸ் ஏறுகிறார்கள், அது யாருக்காக நிற்கிறது என்று தெரியாமலே. 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்னின் நினைவு விளக்கு அது. கோட்டைக்குள் நெருக்கியிருந்த ஊரை அவர்தான் திறந்துவிட்டார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த இடம் என்று விட்டார். அப்படிப் பிறந்தவைதான் நான்கு வெளி வீதிகள். அளந்த சர்வேயர் மாரட்டின் பெயரும், மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் அடுத்தடுத்த வீதிகளுக்கு வந்தன. ஆட்சியரும் சர்வேயரும் மேஸ்திரியும் ஒரே ஊரின் வரைபடத்தில் இடம்பிடித்திருப்பது எத்தனை ஊர்களில் உண்டு! பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியிருக்கும் கோட்டைக் கொத்தளத்தையும் சேர்த்துப் பார்த்தால், இடிக்காமல் விட்ட ஒரு துண்டு எப்படி இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

வீதி அமைப்பை விளக்கும் ஒரு சிறு படமும் வேண்டும். கோயிலை நடுவில் வைத்து, உள்ளிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். கீழ, மேல, வடக்கு, தெற்கு என்பது கோயிலிலிருந்து எந்தத் திசை என்பதைச் சொல்கிறது. இந்த ஒரு விதி தெரிந்தால் புதியவர் யாரையும் கேட்காமல் நடக்கலாம். தெரியாதவர் 'மேல மாசி'க்கும் 'கீழ மாசி'க்கும் நடுவே அரை நாளைத் தொலைத்துவிடுவார். மேல என்றால் மேற்கு என்று தமிழ் தெரிந்தவருக்கே சட்டென்று தோன்றுவதில்லை. வடநாட்டிலிருந்து வருபவருக்கு எப்படித் தோன்றும்? சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று கேட்பவர்களும் உண்டு. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு இணைத்தார், வீதியின் பெயர் மட்டும் பழைய மாதத்திலேயே நின்றுவிட்டது என்பதுதான் அதற்கு வழங்கும் விடை.

இனி நேரம். மதுரைப் பயணம் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான், திருத்தச் செலவே இல்லாததும் இதுதான். மீனாட்சியம்மன் கோயில் நண்பகல் பன்னிரண்டரை அளவில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத் திறக்கிறது. மகால் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கிறது. வெளியூர் வேன்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. காலையில் ஹோட்டலுக்குப் பக்கத்தில் இருப்பதையோ டிரைவருக்குத் தெரிந்ததையோ பார்த்துவிட்டு, பதினொன்றரைக்கு மேல் கோயில் வரிசையில் நிற்கிறார்கள். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. ஒப்படைக்கும் இடத்தில் ஒரு வரிசை, செருப்புக்கு ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை. சன்னிதியை நெருங்கும்போது நடை சாத்தும் நேரம். மூன்றரை மணி நேரம் வெயிலில் திரிந்துவிட்டு, களைத்துப்போய் நாலரைக்கு மகாலுக்கு வந்தால் காவலர் வாசலை மூடத் தயாராக நிற்கிறார்.

கோயில் மூடியிருக்கும் அதே நேரத்தில் மகால் திறந்திருக்கிறது என்பதே விடை. காலை ஏழுக்கெல்லாம் கோயிலுக்குள் போய்விட வேண்டும். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் ஒரு வரிசை மிச்சம். குழுவில் ஒருவர் வெளியே இருந்து எல்லாருடையதையும் வைத்துக்கொள்வதும் உண்டு, பிறகு அவரை உள்ளே அனுப்பலாம். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பது 985 தூண்கள். அங்குள்ள காட்சிக்கூடத்துக்கு அரை மணி ஒதுக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் ஆடி வீதிக் கல்தளத்தில் கால் வைக்க முடியாது, குழந்தைகள் அழும். ஆகவே அந்தச் சுற்றைப் பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பிறகு கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே புதுமண்டபம். அதுவும் திருமலை நாயக்கர் கட்டியதுதான், இறைவனின் வசந்த விழாவுக்காக. நாயக்க அரசர்களின் உருவங்கள் தூண்களில் நிற்கின்றன, திருமலை நாயக்கர் தம் தேவியரோடு கைகூப்பி நிற்கிறார். இந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவதுதான் முறை. பாத்திரக்கடைகளும் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் நெடுங்காலம் இந்த மண்டபத்துக்குள் இருந்தார்கள். அவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதால் தூண்களைச் சுற்றிவந்து பார்க்க வழி பிறந்திருக்கிறது. சிற்பங்களுக்கு முன்னால் மறைப்பு இல்லாமல், விழா இல்லாத நாட்களில் குறித்த நேரத்தில் திறந்து வைக்கும் ஏற்பாட்டை நிலையாக்க வேண்டும்.

புதுமண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரம். முடியாமல் நின்றுபோன கோபுரம். அதன் நிலைக்கால்கள் ஒவ்வொன்றும் ஐம்பதடிக்கு மேல் உயர்ந்த ஒற்றைக் கல். கட்டி முடித்திருந்தால் மதுரையின் மற்ற எல்லாக் கோபுரங்களும் இதன் நிழலில் நின்றிருக்கும் என்று அடித்தளத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நிழலுக்கு ஒதுங்கியவருக்குக்கூட அது ராயகோபுரம் என்று தெரிவதில்லை. அங்கிருந்து தெற்கே கீழமாசி வீதி வழியாக விளக்குத்தூண், பத்துத்தூண், மகால். கிழக்குக் கோபுரத்திலிருந்து மகால் வரை மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். நின்று பார்த்து நடந்தாலும் ஒன்றேகால் மணி நேரம். விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டா குடிக்கப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டரைக்கு மகாலுக்குள் நுழைந்தால், ஊரே கொதிக்கும் நேரத்தில் தலைக்கு மேல் நாயக்கர் கூரை இருக்கும்.

இந்த வரிசையை ரயில் நிலையத்திலும் பெரியார் பேருந்து நிலையத்திலும் மாட்டுத்தாவணியிலும் எல்லீஸ் நகர் வாகன நிறுத்தத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். கோயில் நேரமும் மகால் நேரமும் ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்றாக. இன்று இரண்டையும் தனித்தனியே தேட வேண்டியிருக்கிறது, தேடாதவர் மாட்டிக்கொள்கிறார். திருவிழா நாட்களில் மாசி வீதிகள் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை மூடியிருக்கும் என்பதையும் அதே தாளில் சிவப்பில் சேர்க்கலாம்.

மகாலுக்குள் வந்துவிட்டோம். இங்கே எங்களுக்கு மிகுந்த கவலை தருவது பூச்சு.

நாயக்கர் காலச் சுதை வேலை வெறும் சுண்ணாம்பு அடித்தல் இல்லை. சுண்ணாம்பை நீற்றி, நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்து, மணல் கலந்து முதல் பூச்சு. அது காய்ந்ததும் மேலும் மேலும் மென்மையான பூச்சுகள். கடைசிப் பூச்சில் மணலே இராது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கியிருப்பார்கள். பளபளப்பு முழுவதும் அந்த மெல்லிய கடைசிப் படலத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் சாவியால் ஒரு பெயரைக் கீறினால் கீறியது படலத்தை மட்டும் இல்லை, தூணின் தோலை. அந்தக் கீறலில் ஈரம் இறங்கும், அழுக்கு தங்கும், அடுத்த மழைக்காலத்துக்குள் ஓரம் உதிரும். மறுபடி பூசி மறைக்கலாம், பழைய மெருகைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

கீறுவது ஏன் நிற்கவில்லை? எச்சரிக்கைப் பலகைக்குக் குறைவில்லை. தூண் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும், ஏற்கெனவே நூறு பெயர்கள் இருப்பதும்தான் காரணம். ஒரு பெயர் கண்ணில் பட்டால் இரண்டாமவருக்குக் கூச்சம் போய்விடுகிறது. எனவே புதிய கீறலை அதே வாரத்தில் சுண்ணாம்பாலேயே மூடுங்கள். தூண்களைச் சுற்றிக் கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் இடுப்பளவுக் கயிறு கட்டுங்கள். தொடும் ஆசை இயல்பானது என்பதால், நுழைவருகே இதே முறையில் பூசிய ஒரு மாதிரித் துண்டை வையுங்கள். ஒருபக்கம் செங்கல், அடுத்து முதல் பூச்சு, அடுத்து இரண்டாம் பூச்சு, கடைசியில் மெருகு என்று படிப்படியாக. தடவிப் பார்க்கட்டும். குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள். மகாலுக்கான செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் என்ற கதையையும் அந்தச் செங்கலுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

பழுதுபார்ப்பில் ஒரு வேண்டுகோள், ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுத வேண்டிய வேண்டுகோள்: சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் இறுகி அடைத்துக்கொள்ளும். உள்ளே மாட்டிய ஈரம் பக்கத்தில் வழி தேடும். போகிற வழியில் உப்பை இழுத்து வந்து வெள்ளையாகப் பூக்கும். கடைசியில் சிமெண்ட் ஒட்டு அப்படியே நிற்க, அதைச் சுற்றியிருக்கும் நானூறு ஆண்டுப் பூச்சு பொரிந்து விழும். எண்ணெய்ப் பெயிண்டும் பிளாஸ்டிக் எமல்ஷனும் இதையேதான் செய்யும். சுண்ணாம்பு வேலைக்கு நாள் ஆகும், ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருக்க வேண்டும், நிதியாண்டு முடிவுக்குள் முடியாது. மார்ச் மாதத்துக்காக அவசரப்பட்ட பூச்சைத்தான் மறு ஐப்பசி மழை கழற்றிவிடுகிறது. வேலையை இரண்டு நிதியாண்டுக்குப் பிரித்து ஒப்பந்தம் போட வழி இருக்க வேண்டும்.

புறாவுக்கும் ஒரு பத்தி கொடுக்கத்தான் வேண்டும். வளைவுகளின் மேலே, சுதை உருவங்களின் இடுக்குகளில் அவை கூடு கட்டுகின்றன. எச்சத்தின் அமிலம் சுண்ணாம்பை அரிக்கிறது. நனைந்த துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால் அமிலம் இன்னும் உள்ளே இறங்கும். காய்ந்த பிறகு மரச்சீவலால் எடுத்து, மென்தூரிகையால் தட்டி, கடைசியில்தான் ஈரத்துணி. வலை கட்டுவதானால் சுதையில் ஆணி அறையாமல், வளைவின் பின்பக்கம் சட்டம் கொடுத்து, கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத நிறத்தில் கட்ட வேண்டும். பார்வையாளர் பாப்கார்னும் பொரியும் முற்றத்துக்குள் கொண்டுவருவதை நிறுத்தினாலே பாதிப் புறாக்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

நாடகசாலையையும் பலர் தவறவிடுகிறார்கள். முற்றத்தின் மேற்கே சொர்க்கவிலாசத்தில் படம் எடுத்ததும் வந்த வழியே திரும்பிவிடுவதால், வடமேற்கு மூலையில் இருக்கும் இந்த நீண்ட கூடத்துக்குள் கால் வைப்பதில்லை. அங்கே வைத்திருக்கும் கல்வெட்டுகளும் சிற்பங்களும் மகாலின் காலத்துக்கு முந்தைய பாண்டிய நாட்டையும் காட்டுகின்றன. தரையில் ஒரு அம்புக்குறி போதும். கல்வெட்டின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்றைய தமிழில் நாலு வரி தந்தால், அதன் முன் நின்று எழுத்துக்கூட்டாத தமிழர் இருக்க மாட்டார்.

ஒலி ஒளிக் காட்சி பற்றி ஒன்றே ஒன்று. காட்சி உண்டா இல்லையா, தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு, ஆங்கிலக் காட்சி எத்தனை மணிக்கு என்பதை அன்று காலை பத்து மணிக்குள் இணையதளத்திலும் வாசலிலும் அறிவித்துவிடுங்கள். மழையாலோ பழுதாலோ ரத்தானால் அதையும். இருட்டிய பிறகு பிள்ளைகளோடு வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்புபவருக்கு அந்த ஊரின் நினைவாக மூடிய கதவுதான் மிஞ்சும். காட்சி முடிந்து வெளியே வரும்போது விளக்குத்தூண் வரை தெருவிளக்கு எரிய வேண்டும்.

கழிப்பறை, குடிநீர், சக்கர நாற்காலிச் சாய்தளம் ஆகியவை எல்லாச் சின்னங்களுக்கும் உரிய பொதுத் தேவைகள். இங்கே நீட்ட விரும்பவில்லை. நடைவழியின் ஒன்றரை கிலோமீட்டரில் பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறைகள் எங்கே உள்ளன என்பதை மட்டும் நேரங்களைச் சொல்லும் அந்தத் தாளில் கட்டாயம் குறியுங்கள். பள்ளிக் குழுவை அழைத்துவரும் ஆசிரியைகள் முதலில் கேட்பது அதைத்தான்.

மகாலைச் சுற்றி வாழும் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்களும் இந்த அரண்மனையின் கதையில் ஒரு பகுதி. நாயக்க மன்னர்களின் காலத்தில் அரண்மனைக்கு அருகே குடியமர்ந்தவர்கள் அவர்கள். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி அவர்கள் கைவேலை. வருபவர்கள் அச்சடித்த புள்ளியைச் சுங்குடி என்று வாங்கிப் போகிறார்கள். கையால் முடிச்சிட்ட சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது, நடுவில் சாயம் ஏறாத சிறு கண் இருக்கும், முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகப் புடைத்து நிற்கும். மகாலின் வெளிப்புறத்தில் வாரம் ஒருநாள் முடிச்சிடும் வேலையை நேரில் காட்ட இடம் ஒதுக்குங்கள். விலை வித்தியாசம் எதனால் என்று பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

மாலைக்குத் தெப்பக்குளம். கோயிலிலிருந்து கிழக்கே நான்கைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. 1645இல் வெட்டிய குளம், நடுவே மைய மண்டபம். தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். விநாயகர் சதுர்த்தியன்று மூன்று குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை. காலையில் கோயிலில் அவரைப் பார்த்தவருக்கு மாலையில் அவர் வந்த இடத்தைக் காட்டுவதில் ஒரு நிறைவு இருக்கிறது. தைப்பூசத் தெப்பத்தன்று கரையில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் குளத்தில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயில் குப்பையும் கழிவுநீரும் சேராமல் காப்பது மாநகராட்சியின் கையில் இருக்கிறது. கால்வாய் அடைத்தால் மைய மண்டபம் கிரிக்கெட் மைதானத்தின் நடுவே நிற்கும். தாமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்தையும், காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீட்டையும் அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் திணித்தால் எதுவும் மனதில் தங்காது.

இவற்றில் பலவற்றுக்கு நிதி ஒதுக்கீடும் ஒப்பந்தமும் காலமும் தேவை என்பது தெரியும். தளவரைபடப் பலகை, நேரங்களை ஒன்றாகச் சொல்லும் தாள், டிக்கெட்டின் பின்பக்க வழி ஆகிய மூன்றுக்கும் அப்படி இல்லை. வரும் சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டம் வருமுன் இந்த மூன்றையும் செய்து தாருங்கள். தெருப் பெயர்களின் வரலாற்றைச் சரிபார்க்கவும், வழியை நடந்து அளக்கவும், பலகைக்கான வாசகங்களைத் தமிழில் எழுதித் தரவும் எப்போது கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
மதுரையை நடந்து காட்டும் வழிகாட்டிகள் சிலர்